ஊசி போட்ட அன்று

இயேசு மரி சூசை துணை

வெள்ளிமலை
8.6.2025

அன்புள்ள சூசை அண்ணாவுக்குத் தங்கை பாத்திமா எழுதிக்கொண்டது. நானும் என் கையால் சாப்பிடும் நூற்றுநாற்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சுகம். உன் சுகமும் அமுதா அண்ணியின் முட்டிவலியும் எப்படி இருக்கின்றன என்று எழுது. கடிதத்தின் தலையில் சூசை பெயரைப் போடும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வருகிறது. துணைக்குக் கூப்பிடுவது இயேசுவை வளர்த்த அந்தப் பெரியவரைத்தான், லாரிப் பட்டறையில் தகரம் தட்டித் தட்டிக் காதைத் தொலைத்த உன்னை இல்லை.

சுகம் என்று எழுதினேனே, அது முழு உண்மை இல்லை. எட்டு மாதமாக எனக்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. மாதத்தில் இருபது நாள் போகிறது. வயது நாற்பத்தெட்டு ஆகிறது, நிற்கும் காலம்தானே என்று நானும் துணியை மாற்றிக்கொண்டு வேலையைப் பார்த்தேன். போன வாரம் சோற்று அண்டாவை இறக்கும்போது கண் இருட்டிவிட்டது. நல்லவேளை, அண்டாப் பக்கம் விழாமல் அரிசி மூட்டைப் பக்கம் விழுந்தேன். தலைமையாசிரியர் ஜீப்பில் ஏற்றிக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார். அவருக்கு ஆண்டவர் நல்ல ஆயுசைத் தரட்டும்.

அங்கே கலையரசி என்று ஒரு பெண் டாக்டர். நம் ஜூலியாவைவிட நாலைந்து வயது மூத்தவர் இருப்பார். இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று பெற்ற தாய் திட்டுவதுபோலத் திட்டினார். படம் எடுத்துப் பார்த்ததில் கர்ப்பப்பையில் மூன்று கட்டிகள். கெட்ட கட்டி இல்லை, ஆனால் கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டுமாம். உடம்பில் இரத்தம் கம்மியாக இருப்பதால் மாத்திரை கொடுத்து ஒன்றரை மாதம் தேற்றி, ஜூலையில் ஆபரேஷன்.

எனக்குப் பயம் இல்லை. மகள் எதற்கு இருக்கிறாள், ஜூலியா திருக்கோவிலூரிலிருந்து வந்து கூட இருக்கிறேன் என்றிருக்கிறாள். போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று அண்ணி கேட்டால் சொல்லு: இங்கே தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினால்தான் சிக்னல் வரும், ஏறிக் கத்தினாலும் உனக்குக் கேட்காது.

அன்புடன்,
தங்கை பாத்திமா

*

உளுந்தூர்பேட்டை
15.6.2025

அன்புத் தங்கை பாத்திமாவுக்கு, உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. இங்கே உன் அண்ணி முட்டியைத் தேய்த்துக்கொண்டு நன்றாகவே இருக்கிறாள். நான் பட்டறைக்குப் போய்வருகிறேன்.

கடிதத்தை மூன்று தரம் படித்தேன். எட்டு மாதமாக ஒரு வார்த்தை சொல்லவில்லையே நீ. உன் புருஷன் போன பிறகு எல்லாவற்றையும் ஒண்டியாகச் சுமக்கப் பழகிவிட்டாய். நீ விழுந்ததைப் படித்ததும் அண்ணி அழுதுவிட்டாள். கோவிலில் உனக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுக்கச் சொல்லியிருக்கிறோம்.

முருங்கைக்கீரை சாப்பிடு. பேரீச்சம்பழம் ஒரு பெட்டி வெள்ளிமலை பஸ் கண்டக்டர் வெற்றிவேலிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். அதைப் பிள்ளைகளுக்குப் பங்கு போடாமல் நீயே தின்ன வேண்டும்.

ஒன்று கேட்க வேண்டும். ஆபரேஷனுக்கு என்னென்ன ஊசி போடுவார்கள்? மயக்க ஊசி தவிர வேறு ஏதாவது உண்டா? அடுத்த தரம் போகும்போது டாக்டரிடம் கேட்டு எனக்கு எழுது.

உன் நலம் வேண்டும்
அண்ணன் சூசை

*

வெள்ளிமலை
25.6.2025

அன்புள்ள அண்ணா, பேரீச்சம்பழம் வந்தது. பாதியைத்தான் பிள்ளைகள் தின்றன, மீதியை நான் தின்றேன், ஆகையால் நீ சண்டை போட முடியாது. தலைசுற்றல் குறைந்திருக்கிறது. இரத்தம் ஏழிலிருந்து ஒன்பதுக்கு வந்துவிட்டது.

பட்டறைக்காரனுக்கு ஊசிக் கணக்கு எதற்கு என்று தெரியவில்லை, இருந்தாலும் கேட்டேன். டாக்டர் சந்தோஷமாகச் சொன்னார். இதுவரைக்கும் எந்தப் பேஷண்டும் இதைக் கேட்டதில்லையாம். மயக்க ஊசி போக, சீழ் பிடிக்காமல் இருக்க ஒரு ஊசி உண்டு. “கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரத்துக்குள்ள போட்டுடுவோம்மா. கிருமி வர்றதுக்குள்ள மருந்து ரத்தத்துல போயி காத்துக்கினு இருக்கணும். வந்த பிறகு தொரத்துறது வேற வேலை” என்றார். அந்த ஒரு ஊசியோடு சரி, அப்புறம் வாரக்கணக்கில் குத்த மாட்டார்களாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாளுக்கு இது பிடிக்கவில்லை. அவள் நாத்தனாருக்கு ஏழு நாள் ஊசி போட்டார்களாம், நமக்கு மட்டும் ஒன்றா என்று முணுமுணுத்தாள். ஆபத்து இல்லாத இடத்தில் ஜாஸ்தி மருந்து போட்டால், ஆபத்து வரும்போது அந்த மருந்து வேலை செய்யாது என்று டாக்டர் அவளுக்கும் பொறுமையாகச் சொன்னார்.

அந்த ஊசிக்காகத்தான் ஒரு கேள்வி கேட்டார்கள். எந்த மருந்தாவது எனக்கு அலர்ஜியா என்று. கத்திரிக்காய் தின்றால் நாக்கு அரிக்கும் என்றேன். இசைவாணி என்கிற நர்ஸ் சிரித்துவிட்டு, சின்ன வயதில் ஏதாவது ஊசி ஒத்துக்காமல் போயிருக்கிறதா என்றாள். எனக்கு ஞாபகம் இல்லை. ஒன்பது வயதில் அம்மை போட்டதைத் தவிர எனக்கு ஒரு நோயும் வந்ததில்லை என்று சொன்னேன். எதற்கும் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு வரச் சொன்னாள். அப்பாவும் அம்மாவும் இல்லாத வீட்டுக்கு நீதான் பெரியவன். ‘இல்லை’ என்று ஒரு வார்த்தை எழுதிவிடு, கொண்டுபோய்க் காட்டிவிடுகிறேன்.

ஆபரேஷன் ஜூலை பதினெட்டு, வெள்ளிக்கிழமை. ஆடி பிறந்த மறுநாள். இந்த வருஷம் மூன்றாம் ஞாயிறு அம்மனுக்குக் கூழ் ஊற்ற நான் நம் ஊர் களமருதூருக்குப் போக முடியாது, ஜூலியாவைத்தான் அனுப்ப வேண்டும். முப்பத்தொன்பது வருஷமாக அம்மாவும் நானும் விட்டதில்லை. அந்த அம்மையில் என் உயிரைத் திருப்பிக் கொடுத்தவளுக்கு ஒரு குடம் கூழ்கூட ஊற்றாவிட்டால் எப்படி?

அன்புடன்,
பாத்திமா

*

உளுந்தூர்பேட்டை
3.7.2025

அன்புத் தங்கைக்கு, அனைவரும் நலம். உன் உடம்பு தேறிவருவது கேட்டு மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினோம்.

இங்கே நாலு நாளாக மழை. பட்டறைக் கூரையில் ஒரு தகரம் பிய்ந்து போய்விட்டது. ஊர் லாரிக்கெல்லாம் தகரம் அடிக்கிறோம், எங்கள் தலைக்கு மேலே ஓட்டை. முதலாளி இரண்டு புது ஆட்களைச் சேர்த்திருக்கிறார், இருவருக்கும் சுத்தியல் பிடிக்கத் தெரியவில்லை. நெடுஞ்சாலையில் மறுபடி பள்ளம் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், சென்னை பஸ்ஸெல்லாம் ஊரைச் சுற்றிக்கொண்டு போகின்றன. அண்ணிக்குப் புதுத் தைலம் ஒன்று வாங்கினேன், வாசனை மட்டும் நன்றாக இருக்கிறது.

ஆபரேஷன் சமயத்தில் உனக்குப் போர்வை வேண்டுமே என்று இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். ஜூலியாவிடம் கொடுத்துவிடுகிறேன். ஃபிளாஸ்க்கும் இருக்கிறது.

தைரியமாக இரு. வேறு விசேஷம் இல்லை.

அண்ணன் சூசை

*

வெள்ளிமலை
10.7.2025

அன்புள்ள அண்ணா, உன் கடிதம் வந்தது. பட்டறைத் தகரம், முதலாளி, பள்ளம், பஸ், தைலம் எல்லாம் நலமாக இருப்பது அறிந்து சந்தோஷம். நான் கேட்ட ஒரே விஷயத்துக்கு மட்டும் பதிலைக் காணோம். காதுதான் கேட்காது என்று நினைத்தேன், இப்போது கண்ணும் போய்விட்டதா?

பரவாயில்லை. நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். அண்ணன் ஒன்றும் எழுதவில்லை, அப்படி ஏதாவது இருந்தால் எழுதாமல் இருப்பாரா என்று நானே சொல்லிவிட்டேன். இசைவாணி ‘இல்லை’ என்று எழுதிக்கொண்டாள். பதினேழாம் தேதி காலையில் போய்ப் படுத்துவிடுவேன்.

உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. முதல் கடிதத்தில் இல்லை என்று எழுதியது பொய். நான் போய்விட்டால் ஜூலியாவைப் பார்த்துக்கொள். இதை எழுதியதற்குக் கோபப்படாதே.

உன் தங்கை
பாத்திமா

*

கள்ளக்குறிச்சி
17.7.2025

மதிப்பிற்குரிய டாக்டர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நாளைக் காலை தாங்கள் ஆபரேஷன் செய்யப்போகும் பாத்திமாவின் அண்ணன் நான். பெயர் சூசை. எனக்குக் காது கேட்காது, ஆகவே நேரில் பேச முடியாமல் பஸ் நிலையத்து டீக்கடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். தயவு செய்து ஆபரேஷனுக்கு முன்னால் முழுவதும் படிக்க வேண்டும்.

என் தங்கைக்குப் பென்சிலின் ஊசி ஆகாது. அவளுக்கு அது தெரியாது. உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அவளுக்கு ஒன்பது வயது, எனக்குப் பதினைந்து. அவள் காலில் ஆணி ஏறிப் புரையோடியிருந்தது. அப்பாவும் அம்மாவும் நடவுக்குப் போகும்போது, இவளை பஸ்ஸில் உளுந்தூர்பேட்டைக்கு அழைத்துப்போய் ஆஸ்பத்திரியில் காட்டச் சொன்னார்கள். அன்று எங்கள் ஊரில் கபடிப் போட்டி. நான் ஆடாவிட்டால் எங்கள் ஆட்கள் தோற்றுவிடுவார்கள் என்கிற நினைப்பு. ஊர் ஊராகச் சைக்கிளில் வந்து ஊசி போடும் ஒருவர் அன்று வந்திருந்தார். டாக்டருக்குப் படித்தவர் இல்லை. அவரிடம் ஊசி போட்டுக்கொள்ள வைத்து, வீட்டில் படுக்கவைத்துவிட்டு ஆடப் போனேன். காலி மருந்துப் புட்டியின் ரப்பர் மூடியில் விளையாட்டு வண்டிக்குச் சக்கரம் செய்யலாம் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். புட்டியில் இருந்த பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தேன். அதனால்தான் நிச்சயமாகச் சொல்கிறேன்.

இரண்டு ஆட்டம் முடிந்து வந்து பார்த்தால் முகம் வீங்கிக் கண் திறக்க முடியவில்லை. உடம்பெல்லாம் தடிப்பு. தண்ணீரில் மூழ்கி எழுந்தவள்போல மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். அதற்குள் எங்கள் அம்மா நடவிலிருந்து வந்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பெண்கள் பார்த்து, “அம்மா வந்திருக்கா, வேப்பிலை வையி” என்றார்கள். நாங்கள் வேதக்காரர்கள்தான், ஆனால் அம்மை என்றால் எங்கள் ஊரில் எல்லார் வீட்டிலும் வேப்பிலைதான். ஊசி போட்டதை நான் சொல்லவில்லை. அடி விழும் என்கிற பயம். மூன்று நாளில் தடிப்பு அடங்கிவிட்டது. நான் வாயைத் திறக்கவே இல்லை.

தங்கை இந்தக் கேள்வியை எனக்கு எழுதிக் கேட்டும் பதில் எழுதாமல் இருந்துவிட்டேன். நேற்றுச் சாப்பாடு இறங்கவில்லை. என் மனைவியிடம் சொன்னேன். அவள் தட்டை எடுத்துவிட்டு, முதல் பஸ்ஸுக்குப் போ என்று எழுதிக் காட்டினாள்.

அவளிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். அவளைக் காப்பாற்றிக் கொடுங்கள்.

தங்கள் உண்மையுள்ள
சூ. சூசை

*

17.7.2025, மாலை 4 மணி

ஐயா,

உங்களுக்குக் காது கேட்காது என்று எழுதியிருப்பதால் இந்தத் தாளிலேயே எழுதித் தருகிறேன். டாக்டர் உங்கள் கடிதத்தை முழுவதும் படித்தார், மயக்க மருந்து டாக்டருக்கும் காட்டினார். நாளைக்குப் போடுவதாக இருந்தது பென்சிலினின் உறவுக்கார மருந்து. எல்லாருக்கும் அது கெடுதல் செய்யாது. ஆனால் மூச்சு இழுக்கும் அளவுக்குப் போனவருக்கு அதைப் போட்டுப் பார்க்க முடியாது, மயக்கத்தில் இருக்கும்போது உயிருக்கே ஆபத்தாகலாம். மருந்தை மாற்றிவிட்டோம். இரண்டு வேறு ஊசி போடுவோம். சீழ் பிடிக்காமல் அதுவும் காக்கும். கவலை வேண்டாம்.

நீங்கள் கேட்டபடி காரணத்தை நாங்கள் சொல்ல மாட்டோம். ஆனால் அந்த மருந்து ஆகாது என்று ஒரு அட்டை எழுதி அவர் கையில் கொடுத்தே ஆக வேண்டும். நாளைக்கு வேறு ஊரில், வேறு டாக்டர் முன்னால் அவர் வாய்தான் அதைச் சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்டால் உங்களைக் கேட்கச் சொல்வோம்.

இதை எழுதிக்கொண்டு இவ்வளவு தூரம் வந்ததற்கு நன்றி. பஸ்ஸுக்குப் போகும் முன் சாப்பிடுங்கள்.

இசைவாணி, வார்டு நர்ஸ்

*

திருக்கோவிலூர்
30.7.2025

இயேசு மரி சூசை துணை

என் அன்பு அண்ணாவுக்கு, பிழைத்து எழுந்த பாத்திமா எழுதுகிறேன். ஜூலியா வீட்டில் சுகமாக இருக்கிறேன். இவள் மாமியார் என்னைக் கரண்டியைக்கூடத் தொட விடுவதில்லை. இருபது வருஷமாக அண்டா இறக்கியவளுக்கு உட்கார்ந்து தின்பது வெட்கமாக இருக்கிறது, ஆனால் ருசியாகவும் இருக்கிறது.

தையல் பிரித்தாகிவிட்டது. புண் ஒரு சொட்டு நீர் கோக்காமல் காய்ந்துவிட்டது. காய்ச்சல் ஒரு நாள்கூட இல்லை. பத்து மாதத்துக்குப் பிறகு வெள்ளைச் சேலை உடுத்திப் பூசைக்குப் போனேன் அண்ணா. அங்கே முட்டி போட்டு யார் யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் திணறிப்போனேன். டாக்டர் கலையரசிக்கு, இசைவாணிக்கு, எனக்கு இரத்தம் கொடுத்த முகம் தெரியாத யாரோ ஒருவருக்கு. வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போன ராஜாம்பாள் என்கிற அம்மாளுக்கும் சொன்னேன். ஆபரேஷன் அறை வாசலில் நான் வண்டிக் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டதைப் பார்த்து, “நான் தள்ளிக்கினு போன யாரும் திரும்பி வராம இருந்ததில்ல கண்ணு” என்றாள் அவள். அது உண்மையா பொய்யா என்று இன்றுவரை கேட்கவில்லை.

நீ பதினெட்டாம் தேதி காலையிலிருந்து வராந்தாவில் ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் நின்றாய் என்று ஜூலியா சொன்னாள். முந்தின நாளே வந்தாயாம், என்னைப் பார்க்காமல் போனாயாம்.

ஒன்று கேட்க வேண்டும். ஒரு ஊசிதான் என்று சொல்லியிருந்தார்கள். மேஜையில் படுக்கவைத்த பிறகு எனக்கு இரண்டு போட்டார்கள். கேஸ் ஷீட்டின் மேல் சிவப்பு மையில் என்னமோ எழுதி ஒட்டியிருந்தது. வீட்டுக்கு வரும்போது பென்சிலின் வகை மருந்து ஆகாது என்று ஒரு அட்டையைக் கொடுத்து, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் இதைக் காட்டச் சொன்னார்கள். உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டேன். உங்கள் அண்ணனைக் கேளுங்கள் என்றாள் இசைவாணி.

கேட்கிறேன் அண்ணா. அது என்ன?

வரும் ஞாயிறு ஜூலியா களமருதூர் போய்க் கூழ் ஊற்றிவிடுவாள். இந்த வருஷம் இரண்டு குடம்.

அன்புடன்,
பாத்திமா

*

உளுந்தூர்பேட்டை
7.8.2025

அன்புத் தங்கை பாத்திமாவுக்கு,

நீ நல்லபடியாக எழுந்து நடப்பது ஆண்டவர் போட்ட பிச்சை. அண்ணியும் நானும் சுகம்.

டாக்டருக்கு நான் எழுதிய கடிதத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். முதலில் அதைப் படி. படித்துவிட்டு மீதியைப் படி.

உனக்கு வந்தது அம்மை இல்லை. நான் போட வைத்த ஊசி அது. நான் அன்றைக்கே சொல்லியிருந்தால் அந்த மூன்று நாளில் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருப்பார்கள். நீ பிழைத்தது என்னால் இல்லை.

டாக்டருக்கு எழுதாமல் விட்டது இரண்டு உண்டு. அம்மன் மூன்றே நாளில் இறங்கிவிட்டாள் என்று அம்மா உன் தலையை மொட்டை அடித்தார். வேதக்காரப் பிள்ளைக்கு அம்மன் மொட்டையா என்று பள்ளிக்கூடத்தில் உன்னைக் கேலி செய்தார்கள். நீ முக்காடு போட்டுக்கொண்டு போவாய். நான் உனக்கு முன்னால் நடந்துபோவேன், திரும்பிப் பார்க்காமல்.

இன்னொன்று அம்மா. மாதா தேருக்கு முன்னால் விளக்குப் பிடிப்பது அவர்தான். கூழ் ஊற்றியது தெரிந்ததும் கோவில் உபதேசியார் அந்த விளக்கை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டார். சாகும்வரைக்கும் அம்மா கோவிலில் கடைசி வரிசையில்தான் உட்கார்ந்தார். நான் ஒரு நாள் வருத்தமாக இருக்கிறதா என்று கேட்டேன். “எம் பொண்ணு உசுரு பெருசா, வெளக்கு பெருசாடா” என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் செத்த அன்றும் சொல்லவில்லை.

எல்லாம் ஒரு கபடி ஆட்டத்துக்காக. அதிலும் தோற்றுப்போனோம்.

சூசை

*

உளுந்தூர்பேட்டை
14.9.2025

அன்புத் தங்கைக்கு, நீ மலைக்குத் திரும்பி வேலையில் சேர்ந்துவிட்டாய் என்று ஜூலியா சொன்னதாக அண்ணி எழுதிக் காட்டினாள். கனமான எதையும் தூக்காதே. ஐந்து வாரமாக உன் கடிதம் இல்லை. தபால்காரர் பட்டறைப் பக்கம் வருவதே இல்லை என்று அவரிடம் சண்டை போட்டேன், பாவம், அவர் என்ன செய்வார்?

நீ எழுத வேண்டாம் என்று நினைத்தால் எழுத வேண்டாம். அட்டையை மட்டும் எங்கே போனாலும் கையில் வைத்துக்கொள்.

சூசை

*

இயேசு மரி சூசை துணை

வெள்ளிமலை
12.10.2025

சூசை அண்ணாவுக்குப் பாத்திமா எழுதுவது. நான் சுகம். இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. அண்டா இறக்க இப்போது இரண்டு ஆட்கள் கொடுத்திருக்கிறார்கள், நான் கரண்டியைக் காட்டி அதிகாரம் செய்துகொண்டிருக்கிறேன். அண்ணியின் முட்டிக்கு மலைத்தேன் ஒரு புட்டி அனுப்பியிருக்கிறேன், தடவ அல்ல, தின்ன. உன்னை அதிகாலை பஸ்ஸில் ஏற்றிவிட்டதற்கு அவருக்கு நான் செய்ய வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது.

மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். முதல் கடிதத்தில் இருந்த வார்த்தைகளை ஜூலியா படித்திருந்தால் என்னைத் தாய் என்றே சொல்லியிருக்க மாட்டாள். இரண்டாவதில் உன்னை மன்னித்துவிட்டதாக எழுதினேன், அது பொய்யாக இருந்ததால் கிழித்தேன். மூன்றாவது என்ன எழுதினேன் என்று எனக்கே மறந்துவிட்டது.

மொட்டையை விடு. முடி வளர்ந்துவிட்டது. அம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்ததைத்தான் தாங்க முடியவில்லை. என்னால்தான் அவர் விளக்குப் போயிற்று என்று சின்ன வயதிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். என் உடம்பு செய்த தப்பு என்று. அவருக்குக் கடைசிக் காலத்தில் கால் கழுவிவிடும்போதெல்லாம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். அந்த மன்னிப்பு நீ கேட்டிருக்க வேண்டியது.

கூழை நிறுத்தப் போவதில்லை. அன்று மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்த பிள்ளையை யாரோ காப்பாற்றினார்கள். அது மாதாவா, அம்மனா, இருவரும் கலந்து பேசி முடிவு செய்தார்களா என்று எனக்குத் தெரியாது. நீ இல்லை என்பது மட்டும் தெரியும், நீயே எழுதிவிட்டாய்.

இப்போது இன்னொரு விஷயம். போன மாதம் டாக்டரைப் பார்க்கப் போனபோது நடந்ததை எல்லாம் அவரிடமும் இசைவாணியிடமும் சொன்னேன். அலர்ஜியா என்று கேட்டால் எங்கள் ஆட்களுக்கு என்ன தெரியும், ஊசி போட்ட அன்று உடம்பு தடித்தால் நாங்கள் அதை அம்மை என்றுதானே சொல்வோம் என்றேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இசைவாணியைப் பார்த்து, இனிமேல் ஆபரேஷனுக்கு வரும் ஒவ்வொருவரிடமும் இதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று சொன்னார். எப்படிக் கேட்க வேண்டும் என்று என்னையே சொல்லிக் காட்டச் சொன்னார். “எப்பனா ஊசி போட்டுக்கினு வந்த அன்னிக்கே ஒனக்கு அம்மா வந்துச்சா?” என்று கேட்டுக் காட்டினேன். அதை அப்படியே எழுதி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார்கள்.

போன திங்கட்கிழமை இசைவாணி பள்ளிக்கூடத்து நம்பருக்குப் பேசினாள். தொட்டி மேல் ஏறித்தான் கேட்டேன். இந்த ஒரு மாதத்தில் நாற்பது பெண்களுக்குமேல் கேட்டிருக்கிறார்கள். மூன்று பேர் ஆமாம் என்றிருக்கிறார்கள். ஒருத்தி இந்த மலைக்காரி, செல்லியம்மாள், கர்ப்பப்பை இறங்கி ஆபரேஷனுக்குப் போனவள். அலர்ஜி இல்லை என்று தலையாட்டிவிட்டாளாம். அடுத்த கேள்வியைக் கேட்டதும், “ஆமா, ஊசி குத்தி பொழுது சாயறதுக்குள்ள வந்துட்டாளே, ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?” என்று கேட்டிருக்கிறாள். அவளுக்கும் மருந்தை மாற்றிப் போட்டார்கள். புதன்கிழமை வீட்டுக்கு நடந்து போனாள். எங்கள் பள்ளிக்கூட வாசல் வழியாகத்தான் போனாள், கூப்பிட்டு வைத்து ஒரு டம்ளர் பால் கொடுத்தேன். உன்னைப் பற்றி அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

நீ அந்த டீக்கடையில் உட்காராமல் இருந்திருந்தால் என்று யோசிக்கிறேன். முப்பத்தொன்பது வருஷம் மறைத்தவன் இன்னும் ஒரு நாள் மறைத்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. டாக்டர் மேல் பழி போட்டுவிட்டு, என்னைப் புதைத்துவிட்டு, ஊரில் நல்ல பெயரோடு இருந்திருப்பாய்.

உன் மேல் கோபமாக இருக்கிறேன் அண்ணா. கிறிஸ்துமஸுக்கு வருவேன், அப்போதும் கோபமாகத்தான் இருப்பேன், உன்னிடம் பேச மாட்டேன், எழுதித்தான் காட்டுவேன், எப்படியும் உனக்குக் கேட்காது. அடுத்த வருஷமும் இருப்பேன் என்று தோன்றுகிறது. இத்தனை நாள் கோபப்பட எனக்கு உயிர் இருக்கிறது. அதைக் கொடுத்ததற்கு நன்றி.

உன் தங்கை
பாத்திமா